தவளை ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்

இன்றைக்கு நான் சந்தித்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. சந்தித்துவிட்டு வந்து, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள், கடைசி வரைக்கும் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் காலையில் மறுபடியும் மக்கர் செய்தது. படியேறிப் போனால், மூச்சு வாங்கி எல்லோரும் நிற்கிற அந்தத் திருப்பத்தில் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, பக்கத்தில் கருவிப் பெட்டி, விரலிடுக்கெல்லாம் கிரீஸ். போட்டிருந்த டி-சர்ட்டின் முதுகில் கொட்டை எழுத்தில் 'ஹேக்கத்தான்' என்றும், அதற்குக் கீழே 'ஞாயிறு மாலைக்குள் உலகத்தை மாற்றுவோம்' என்றும் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சனி, ஞாயிறு முழுக்கக் கூட்டமாக உட்கார்ந்து ஏதாவது ஒரு பிரச்சனைக்குக் கம்ப்யூட்டரில் தீர்வு கண்டுபிடிப்பார்களே, அந்தப் போட்டியின் சட்டை. யாரோ பையன் கழித்துக் கொடுத்ததை இவர் வேலைக்குப் போட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கேட்டேவிட்டேன்.

"என்னோடதுதாம்மா. நானும் கலந்துக்கிட்டேன். ஃபர்ஸ்ட் பிரைஸ்," என்றார்.

பெருமையாகச் சொல்லவில்லை. பல்வலி என்று சொல்வதைப் போலச் சொன்னார். சொல்லும்போதே அவர் கண் என் தோள்பையில் இருந்தது. "ஏம்மா, அந்த லேப்டாப் புதுசா வாங்குனதா? யார்கிட்டயாவது பழசா வாங்குனதா?"

புதியதுதான் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனாலும் அதன் மூடியை ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். பார்த்தார், டீயைக் குடித்து முடித்தார். லேப்டாப் பை மாட்டிக்கொண்டு எதிரே வருகிற எல்லோரிடமும் இதைத்தான் கேட்கிறாராம். ஒரு கட்டடத்தில் திருடன் என்று நினைத்துக் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

என்ன விஷயம் என்று கேட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்து லிஃப்டுக்கும் இவர்தான் மெக்கானிக். போட்டி நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று அவசரமாக அழைத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று மாணவர்கள். இவர் மேலே மோட்டார் அறைக்குப் போய், கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை மெல்ல மாடிக்கு நேராகக் கொண்டுவந்து கதவைத் திறந்தால், உள்ளே இருந்தவர்கள் அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உயரமான ஒரு பெண், கண்ணாடி போட்ட இன்னொரு பெண், தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு பையன். இன்றுவரை இவருக்கு அவர்கள் நெட்டை, கண்ணாடி, தொப்பிதான்.

சண்டை என்னவென்றால், அவர்களிடம் பிரச்சனை இல்லை. அந்தப் போட்டிக்கு ஒரு விதி: சும்மா கற்பனையில் ஒரு பிரச்சனையை எடுத்துக்கொண்டு வரக் கூடாது. உண்மையான ஓர் ஆளுடைய உண்மையான பிரச்சனையாக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளையே மேடையில் ஏற்ற வேண்டும். இவர்கள் ஏற்பாடு செய்திருந்த ஆள், நெட்டையின் சித்தப்பா, காலையில் வர முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

நெட்டை இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அங்கிள், உங்களுக்கு ஏதாவது பிரச்சனை இருக்கா?"

"இப்போதைக்கு நீங்கதான். கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க."

அந்த நேரம் பார்த்து இவருடைய போன் அடித்திருக்கிறது. எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே ஒரு சத்தம். "லே... லே... லே." இவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். தண்ணியா? லைட்டு எரியலையா? கீழ் வீட்டம்மா வரலையா? கால் வலிக்குதா? ஒவ்வொன்றுக்கும் அதே "லே"தான், ஆனால் வரவர உரக்க. கடைசியில் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். இவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கதவின் ஓரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

மூன்று பேரும் சண்டையை விட்டுவிட்டார்கள். கண்ணாடிதான் மெதுவாகக் கேட்டாள், யார் அது என்று.

"வீட்டம்மா. பேச வராது. முன்னாடியெல்லாம் பேச்சுதான் அவ வேலையே."

அந்த அக்கா ஒரு டாக்சி கம்பெனியில் போன் எடுப்பவராக இருந்தவர். வண்டி கேட்டு யார் கூப்பிட்டாலும் அவர் குரல்தான். வண்டி எந்த மூலையில் சிக்கிக்கொண்டிருந்தாலும், ஓட்டுநர் டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாலும், வாடிக்கையாளரிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கிளம்பிடுச்சு சார், வந்துட்டே இருக்கு." அதைச் சொல்கிற விதத்தில் கோபமாக அழைத்தவர்கூட அடங்கிவிடுவாராம். வீட்டிலும் அதே வசனம்தான். சமையல் ஆச்சா என்று கேட்டால், கிளம்பிடுச்சு, வந்துட்டே இருக்கு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது பற்றி ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் நச்சரித்தபோதும் இதையே சொல்லி வாயடைத்திருக்கிறார்.

ஒருநாள் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. காது கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் உள்ளே இருக்கிறது. வெளியே வருவது அந்த ஒரு சத்தம்தான். எழுதவும் வரவில்லை. அவரோடு சேர்ந்து விழுந்த அவருடைய போனும் தண்ணீரில் ஊறிச் செத்துப்போனது. இப்போது அவர் வைத்திருப்பது பிறகு வாங்கிய வேறு போன்.

ஆனால் மெக்கானிக் அண்ணனுடைய போனில் அந்தக் குரல் இருந்தது. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் அக்கா எப்போதும் குரல் செய்தியாகத்தான் அனுப்புவாராம். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க. சாவியை எங்க வெச்சீங்க. ஏங்க, சாப்பிட்டீங்களா இல்லையா, வாயத் தொறந்து சொல்லுங்க. இப்படிக் கொத்துக்கொத்தாக. அவர் விழுந்த பிறகு, மோட்டார் அறையில் தனியாக இருக்கும்போது அண்ணன் அதையெல்லாம் போட்டுக் கேட்பார். மோட்டார் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது.

இதைச் சொன்னதும் தொப்பிக்குக் கண் விரிந்துவிட்டது. அந்தக் குரலை வைத்தே அவரைப் பேச வைக்கலாம் என்றான். போன் திரையில் பெரிய பெரிய படங்களாகப் பொத்தான்கள் வைக்கலாம். இடது கையால் தொட்டால் அவருடைய சொந்தக் குரலிலேயே வாக்கியம் வரும். அண்ணன் நம்பவில்லை. ஆனால் லிஃப்ட் வேலை முடிந்த பிறகு, கால் தானாக அந்த மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார்.

அங்கே நீளநீளமான மேசைகள், தரையெல்லாம் வயர், மூலைக்கு மூலை சார்ஜர், தோளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். வாசலில் இருந்த பெண் இவருக்கு டி-சர்ட்டைக் கொடுத்து, கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிவிட்டாள். அதில் பெயர் இல்லை. 'பிரச்சனைக்குச் சொந்தக்காரர்' என்று அச்சடித்திருந்தது. எல்லா அணியின் ஆளுக்கும் அதே அட்டைதானாம். கட்டடத்தின் வாட்ச்மேன் இவருடைய கூட்டாளி. அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இத்தன வருஷமா நாங்க வாயால சொல்லிட்டிருந்தோம். இப்ப யூனிவர்சிட்டியே கழுத்துல மாட்டி அனுப்பிருச்சு."

இந்த இடத்தில் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு போய்விட்டது.

குரல் செய்திகளை அவர் போனிலிருந்து எடுக்க வேண்டும். போனில் இம்மி இடம் இல்லை. ஒவ்வொரு லிஃப்டையும் சரிசெய்வதற்கு முன்னாலும் பின்னாலும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்பதால் போன் முழுக்கப் பற்சக்கரமும் கயிறுமாக அடைத்துக்கொண்டிருந்தது. செய்திகளைக் காப்பி எடுக்கப் போனால் பாதியில் நின்று நின்று போனது. பின்னால் பெரிய கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தொப்பி, காப்பி வேண்டாம், மொத்தமாக மூவ் கொடுத்துவிடலாம் என்றான். அதாவது போனிலிருந்து எடுத்து, இணையத்தில் அவர்கள் திறந்துவைத்திருந்த கணக்குக்கு நகர்த்திவிடுவது. போனிலும் இடம் கிடைக்கும், வேலையும் ஓடும். முடிந்த பிறகு திருப்பிப் போட்டுவிடலாம்.

"அங்கிள், போன்ல இருந்து போயிடும். பரவால்லையா? அப்புறமா திருப்பிப் போட்டுத் தந்துடறேன்."

"இருக்கட்டும் தம்பி. உங்ககிட்டதான இருக்கு."

இந்த இரண்டு வரியையும் அண்ணன் என்னிடம் மூன்று நான்கு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துவர வேண்டும். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், ஊரில் இருக்கிற லிஃப்டெல்லாம் பார்க்கிற மனிதர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று பேரும் வீட்டுக்கே வந்து, சக்கர நாற்காலியோடு அக்காவைத் தூக்கிக் கீழே இறக்கியிருக்கிறார்கள். கண்ணாடி பார்க்க ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தாலும் முன்பக்கத்தை அவள்தான் பிடித்தாளாம். டாக்சியில் போகும்போது ஓட்டுநர் பேச்சுவாக்கில் பழைய காலத்தைப் பற்றிப் புலம்பினார். இப்போதெல்லாம் எல்லாம் ஆப்தான், முன்பு ஆபீசில் ஓர் அம்மா போன் எடுப்பார், என்ன குரல், என்ன பொய், அவர் கிளம்பிடுச்சு என்று சொல்லிவிட்டால் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றார். அந்தம்மாவின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அண்ணன் வாயைத் திறக்கப் போனார். அக்கா இடது கையால் அவர் முழங்காலை அழுத்தினார். சொல்லாதே என்று. இறங்கும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மேடையில் நெட்டை அக்காவின் கதையை, அந்த டாக்சி வசனம் உட்பட, சொன்னாள். பிறகு போனை அக்கா மடியில் வைத்தார்கள். கண்ணாடி ஒவ்வொரு படத்தையும் காட்டினாள். தண்ணீர்க் குவளை, விளக்கு, கால், கடிகாரம். அக்கா கடிகாரத்தைத் தொட்டார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? கிளம்பியாச்சா?"

மண்டபம் முழுக்க அந்தக் குரல். அக்காவுடைய குரல். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார், தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பதைப் போல. மறுபடி தொட்டார். மறுபடி. பிறகு கண்ணாடி கடைசியாக இருந்த கார் படத்தைக் காட்டினாள். அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்டுச் சேர்க்கச் சொன்ன பொத்தான் அது.

"பொய் சொல்லாதீங்க. வண்டி இன்னும் கிளம்பவே இல்ல."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. சக்கர நாற்காலியில் அக்காவும் தோள் குலுங்கச் சிரித்தார். நடுவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இது நாளைக்கும் வேலை செய்யும்தானே என்று கேட்டார். தொப்பி மார்பில் கைவைத்து, கண்டிப்பாக என்றான். முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. மறுநாளும் வேலை செய்தது, அதற்கடுத்த நாளும். அண்ணன் ஏதோ ஓர் உச்சி மாடியில் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார், போன் அடிக்கும், எடுத்தால் மனைவியின் குரல். அக்கா கீழ் வீட்டம்மாவைக் கூப்பிட்டு விளக்கைப் போடச் சொன்னார். ஒருநாள் பழைய டாக்சி ஆபீசுக்கே போன் போட்டு, "கிளம்பியாச்சா?" என்று கேட்டுவிட்டார். எடுத்த பெண்ணுக்குக் குரல் அடையாளம் தெரிந்து, வேலையை விட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாளாம். இந்தப் பக்கம் அக்கா விடாமல் கார் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

குரல் செய்திகளைத் திருப்பிப் போடுவது? தொப்பி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான். அண்ணன்தான், என்ன அவசரம் தம்பி, பரீட்சையை முடி என்றார். அப்புறம் அவர்கள் படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

பிறகு ஒருநாள் மதியம் அக்கா தண்ணீர்க் குவளையைத் தொட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது போன் சுவரோரத்தில் கிடந்தது, அக்கா எறிந்திருந்தார். எடுத்துப் பார்த்தால் இன்னும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சரி, பழைய குரல் செய்தியையாவது போட்டுக் காட்டிச் சமாதானப்படுத்தலாம் என்று தேடினார். தேதி இருந்தது, நேரம் இருந்தது, தொட்டால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வந்தது. பல்பு, சாவி, சாப்பிட்டீங்களா, எல்லாவற்றுக்கும் அதே பதில்.

அவர் அப்போதுதான் புரிந்துகொண்டார், அந்தக் குரல் தன்னிடம் இல்லை என்று. உலகத்தில் அது இருந்த ஒரே இடத்தைத் தானே காலி செய்து கொடுத்திருக்கிறோம் என்று.

பிள்ளைகளைக் குறை சொல்லலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் விடவில்லை. நெட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். போட்டிக்குப் பணம் போட்ட கம்பெனி, கலந்துகொள்கிற அணிகளுக்கு இணையத்தில் கொஞ்ச காலத்துக்கு இலவச இடம் கொடுத்ததாம். பொத்தான்கள் குரலை எடுத்தது அங்கிருந்துதான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. கணக்குக்குள் போய்ப் பணம் கட்டினால் மறுபடி திறக்கும், ஆனால் உள்ளே போக முடிந்தால்தானே. அவசரத்தில் தொப்பி அந்தக் கணக்கைத் திறந்தது தன் சொந்த மின்னஞ்சலில் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அழிந்துபோகிற தற்காலிக முகவரி ஒன்று கிடைக்கும், அதில். எல்லா ஹேக்கத்தானிலும் எல்லோரும் செய்வதுதானாம். விளம்பர மெயில் வந்து உயிரை வாங்காமல் இருப்பதற்காக. கடவுச்சொல்லும் அவன் யோசித்து வைத்ததில்லை, லேப்டாப்பே ஒன்றை உருவாக்கித் தன்னிடமே சேமித்துக்கொண்டது.

தொப்பி இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும் வீடியோ அழைப்பில் வந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். அண்ணன்தான் அவனைச் சமாதானப்படுத்தியிருக்கிறார். அவனால் உள்ளே போக முடியவில்லை. அந்த லேப்டாப் அவனிடம் இல்லை. ஊரைவிட்டுப் போகும்போது, கம்பெனியில் புதிதாகத் தருவார்கள் என்று பழைய கம்ப்யூட்டர் கடையில் விற்றுவிட்டான்.

கடைக்காரரிடம் அண்ணன் போனார். அவர் நல்ல மனிதர்தான், யோசித்து யோசித்துப் பார்த்தார். வந்த சில நாளிலேயே விற்றுப்போனது, யார் வாங்கினார்கள் என்று தெரியாது, பில்லும் போடவில்லை. பழைய லேப்டாப் எதையும் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் விற்பாராம். ஆனால் அந்த வாரம் கடையில் ஆள் இல்லை, இதை அழித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை என்றார். அண்ணன் அந்த 'ஞாபகம் இல்லை'யைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எல்லாப் பையையும் பார்க்கிறார்.

கம்பெனிக்கு எழுதினால் என்ன என்று நான் துள்ளினேன். எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் அல்லவா, பெரிய ஆள் மாதிரி அந்தப் படியிலேயே உட்கார்ந்து உருக்கமாக ஒரு மடல் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. இயந்திரம் எழுதிய பதில். கணக்கின் உரிமையாளர் தன்னுடைய பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டுமாம். அந்த மின்னஞ்சல் பிறந்த அன்றைக்கே செத்துவிட்டது. வேறு வழியாகவும் எழுதினேன், அதே பதில். பணம் கட்டாத கணக்கில் இருப்பதை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். அது மாறுபடும் என்று வந்தது. அண்ணன் நான் தட்டுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவால்லம்மா, நெட்டையும் இதேதான் அனுப்புச்சு," என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

மாலையில் அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். நானே கேட்டுத்தான் போனேன். படிகள் குறுகல், சுவரில் சக்கர நாற்காலி இடித்த தழும்புகள் இருந்தன. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நன்றாக வாரிய தலை. கீழ் வீட்டம்மா வாரிவிட்டதாம். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது என் தோள்பையை. பிறகு புருஷனைப் பார்த்தார்.

குரல் செய்திகளும் போய்விட்டன என்பதை அண்ணன் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், ரெடியாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். சொல்கிற தைரியம் தினமும் படியேறும்போது இருக்கிறதாம், கதவைத் திறந்தால் போய்விடுகிறதாம். இன்றைக்கும் கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதையேதான் சொன்னார்.

"கிளம்பிடுச்சும்மா. வந்துட்டே இருக்கு."

அக்கா அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. அந்த வசனத்தை வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேருக்குச் சொன்னவர் அவர். வண்டி எங்கேயும் கிளம்பவில்லை என்பதை அதைச் சொல்கிறவரைவிட நன்றாகத் தெரிந்தவர். கோபப்படவில்லை. இடது கையை நீட்டி, அண்ணன் மீசையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டார்.

பிறகு போனை எடுத்து என்னிடம் காட்டினார். கார் பொத்தானைத் தொட்டார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரும் என்பதுபோல. எனக்குத் தெரியும் வராது என்று, அவர்கள் இருவருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் முதலில் கண்ணை எடுக்கவில்லை. அக்கா அந்த வட்டத்தைப் பார்த்தபடியே, "லே," என்றார், மெதுவாக. என்ன சொன்னார் என்று அண்ணன் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என்னால் முடிந்தது இதை எழுதுவது மட்டும்தான். அதனால் கேட்கிறேன்.

உங்களிடமோ, உங்கள் வீட்டில் யாரிடமோ, பழையதாக வாங்கிய ஒரு கறுப்பு லேப்டாப் இருக்கிறதா பாருங்கள். மூடியின் ஒரு மூலையில் விரிசல். விரிசலை மறைக்கக் கண்ணாடி போட்ட பச்சைத் தவளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நீங்கள் அதைப் பிய்த்திருந்தால் பசைத் தடமாவது இருக்கும். கீழ் அம்புக்குறிப் பட்டன் கழன்று போயிருக்கும். மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து பார்மட் பண்ணாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். எனக்கு ஒரு வரி அனுப்புங்கள், நானே வந்து பார்க்கிறேன், லேப்டாப் உங்களுடையதுதான், யாரும் கேட்க மாட்டோம். ஒருவேளை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அண்ணன் அதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்கிறார்.

போன் பேசினால் தானாகப் பதிவாகிற வசதி சிலர் போனில் இருக்கும். ஒரு காலத்தில் போன் போட்டு டாக்சி கூப்பிட்டவர்கள், டாக்சி ஓட்டியவர்கள், பழைய பதிவுகளைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். 'கிளம்பிடுச்சு சார், வந்துட்டே இருக்கு' என்று ஒரு பெண் குரல் இருந்தால் அது இந்த அக்காதான். அந்த ஒரு வாக்கியம் போதும் என்கிறார் அண்ணன்.

லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பகிருங்கள். லேப்டாப் பையோடு நடமாடுகிற உங்கள் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். உங்கள் கட்டடத்து லிஃப்ட் கெட்டுப்போய், ஹேக்கத்தான் சட்டை போட்ட ஒருவர் வந்து உங்கள் லேப்டாப்பின் மூடியைக் காட்டச் சொன்னால், காவலாளியைக் கூப்பிடாமல் திருப்பிக் காட்டுங்கள்.